வைக்கிங் ஆட்களிடம் கூத்து இருந்ததா?

கொட்டகலை டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து வாசியுங்கள்.

நான் உயர்தர வகுப்புக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலை. வகுப்பில் 11 பிள்ளைகள், அதில் 9 பேர் தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள். போன கிழமை ஐரோப்பிய அரங்க வரலாறு. கிரேக்கம் முடிந்தது, ரோமாபுரி முடிந்தது, அடுத்து தேவாலயத்துக்குள் பூசையோடு பூசையாகப் பிறந்த நாடகம். 10ஆம் நூற்றாண்டு, ஈஸ்டர் காலை, கல்லறையைத் தேடி வரும் மூன்று பெண்கள், "யாரைத் தேடுகிறீர்கள்?" என்ற அந்த ஒற்றைக் கேள்வி. ஒவ்வொரு வருடமும் இதே வரிசையில் எழுதி எழுதி என் கைக்கே மனப்பாடம்.

பின் வாங்கிலிருந்து ஒரு பையன் எழுந்தான். மேல் டிவிசன் லயத்துப் பையன், ராத்திரியெல்லாம் போனில் வைக்கிங் கதை (வட ஐரோப்பாவின் பழைய கடலோடிகள் கதை) பார்க்கிறவன். "டீச்சர், ரோமாபுரி விழுந்ததுக்கும் இந்த ஈஸ்டர் நாடகத்துக்கும் நடுவிலே ஐந்நூறு வருசம் சும்மா கிடக்கு. அப்போ வடக்கே இருந்த வைக்கிங் ஆட்கள் ராத்திரியில என்ன செஞ்சாங்க? அங்கே ஆறு மாசம் இருட்டுத்தானே. கூத்து கீத்து கிடையாதா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். மணியடித்ததால் தப்பித்தேன்.

ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாடகப் போட்டிக்கு, மன்மதன் எரிந்த கதையை மாசியில் ஆடும் காமன் கூத்திலிருந்து ரதி புலம்பும் பகுதியை 20 நிமிடத்துக்குச் சுருக்கிக் கொண்டுபோனோம். பழக்கியது என் அப்பா. அவர் தோட்டத்தில் 19 மாசி மாதம் ரதி வேசம் கட்டியவர். ஆடி முடிந்ததும் நடுவர்களில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "இது நாடகம் இல்லை, சடங்கு. இதற்கு எழுத்துப் பிரதி எங்கே?" என்றார். புள்ளியும் அதற்கேற்ற மாதிரிதான் விழுந்தது. அப்பா கடைசி வரிசையில் வேட்டி மேல் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்குகிற இடத்தில் மட்டும், "பிரதின்னா என்னா தாயி?" என்று கேட்டார்.

ஆகவே கேள்வி இதுதான். வைக்கிங் காலத்தில் இருந்தது வெறும் கதை சொல்லலா, இல்லை வேசம் கட்டி ஆடியதும் உண்டா? ஆடியிருந்தால் எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள்? பிள்ளைகள் ஆடிப் பார்க்கிற மாதிரி சின்னதாக ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்தப் பையன் இப்போதே மட்டையில் கொம்பு வெட்டித் தொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறான்.

பிளேன்டி:

டீச்சர், முதலில் அந்தக் கொம்பைக் கழற்றச் சொல்லுங்கள்.

அது நாடகக்காரன் வைத்த கொம்பு. 1876இல் ஜெர்மனியில் பைரொய்ட் நகரத்தில் இசையமைப்பாளர் வாக்னரின் நான்கு இரவு இசை நாடகம் முழுதாக மேடையேறியபோது உடை வரைந்தவர் கார்ல் எமில் டோப்ளர். அவர் கைவண்ணத்தில்தான் கொம்பும் சிறகும் தலைக்கவசத்தில் ஏறி உலகம் முழுக்கப் பரவியது. 1943இல் நோர்வேயில் யெர்முண்ட்பூ என்ற இடத்தில் தோண்டி எடுத்த உண்மையான வைக்கிங் கவசத்தைப் பாருங்கள். மூடின சட்டி மாதிரி இரும்புத் தொப்பி, கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போல ஒரு காப்பு. அவ்வளவுதான். சண்டையில் கொம்பு வைத்துக்கொண்டு போனால் எதிராளி அதைப் பிடித்தே இழுத்துப்போடுவான்.

மற்றக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. பழைய தபால்காரர் ஐயா வருவார், பொறுங்கள்.

பழைய தபால்காரன்:

வந்துவிட்டேன். இங்கே தலவாக்கலையில் மூன்று நாளாகக் கரண்ட் போய்ப் போய் வந்ததால் தாமதம்.

டீச்சர், நான் தபால்கந்தோரில் முத்திரை குத்தியே தலை நரைத்தவன், அரங்கியல் படித்தவன் இல்லை. ஐஸ்லாந்து முத்திரை ஒன்றில் பழைய ஏட்டின் படம் பார்த்ததில் பிடித்த பைத்தியம் இது. அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலில் மனதில் வைக்க வேண்டும். வைக்கிங் காலம் என்பது சுமாராக 793 முதல் 1066 வரை. அந்த ஆட்கள் கல்லிலும் எலும்பிலும் ரூன் எழுத்து வெட்டினார்கள், புத்தகம் எழுதவில்லை. பாட்டும் கதையும் ஏட்டில் ஏறியது பின்னால், 12ஆம் 13ஆம் நூற்றாண்டுகளில், பெரும்பாலும் ஐஸ்லாந்தில். எழுதினவர்கள் கிறிஸ்தவர்கள். பேரன் எழுதிய தாத்தா கதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கதை சொல்லலுக்குச் சாட்சி தாராளம். எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். நோர்வே அரசன் ஹரால்டிடம் (1066இல் இங்கிலாந்தில் செத்தவன்) ஐஸ்லாந்திலிருந்து ஓர் இளைஞன் பிழைப்புத் தேடி வருகிறான். "என்ன தெரியும்?" "கதை சொல்லத் தெரியும்." சரி, சோறும் துணியும் தருகிறேன், யார் கேட்டாலும் சொல்ல வேண்டும் என்று அரசன் வைத்துக்கொள்கிறான். நன்றாகப் போகிறது. கிறிஸ்மஸ் நெருங்க நெருங்கப் பையன் முகம் வாடுகிறது. அரசனே கண்டுபிடித்துவிடுகிறான்: "கைவசம் இருந்த கதை தீர்ந்துபோச்சு, இல்லையா?" "ஒன்று மிச்சம் இருக்கிறது. ஆனால் அதை இங்கே சொல்லப் பயமாக இருக்கிறது. அது உங்கள் கதை, நீங்கள் வெளிதேசம் போய்ச் சண்டை போட்ட கதை." அரசன், "அதைத்தான் நான் கேட்க வேண்டும்" என்கிறான். பண்டிகை முடியும்வரை கதை நீளும்படி அரசனே நேரம் பார்த்து நிறுத்தி நிறுத்திச் சொல்ல வைக்கிறான். சபையில் சிலர், இவனுக்கு என்ன திமிர் என்று முணுமுணுக்கிறார்கள். முடிந்ததும் அரசன் கேட்கிறான்: "எங்கே படித்தாய்?" ஐஸ்லாந்தில் ஒவ்வொரு கோடையிலும் கூடும் பெரிய சபையில் ஹல்தோர் என்பவர் இந்தக் கதையைச் சொல்வார், வருடத்துக்கு ஒரு துண்டாகப் பிடித்துக்கொண்டேன் என்கிறான். ஹல்தோர் அந்தப் பயணத்தில் அரசனோடு கூடப் போனவர்.

உங்கள் அப்பா ரதி பாட்டு எப்படிப் படித்தார் என்று கேட்டுப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு மாசி, ஒரு துண்டு.

அரசவைப் புலவனை ஸ்கால்ட் என்பார்கள். அவன் பாட்டின் கட்டு நம் ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடும். எட்டு அடி, அடிக்கு ஆறு அசை, அடிகளை இரண்டிரண்டாகக் கட்டிப்போடுவது மோனை. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு இதைப் புரிய வைக்கப் பாடுபட வேண்டும். நமக்கு மோனை என்ற ஒரு சொல் போதும். நம்மிடம் அ, ஆ, ஐ, ஔ ஓர் இனமாக மோனை சேரும். அங்கே எந்த உயிரும் எந்த உயிரோடும் சேரும். அடிக்குள்ளேயே எதுகை மாதிரி ஒன்றும் ஒளிந்திருக்கும். பொருளை நேரே சொல்லமாட்டார்கள், விடுகதை போட்டுத்தான் சொல்வார்கள். இமிர் என்ற அரக்கனின் இரத்தம் என்றால் கடல். சிஃப் தேவியின் கூந்தல் என்றால் தங்கம். எகில் என்ற புலவன் யோர்க் நகரத்தில் எதிரி அரசன் கையில் மாட்டி, விடிந்தால் தலை போகும் என்ற நிலையில், ஒரே இரவில் அந்த அரசனைப் புகழ்ந்து பாட்டுக் கட்டித் தலையை மீட்டுக்கொண்டான். அதில் "காயத்துத் தேனீக்கள் பறந்தன" என்று வரும். அம்பு.

இனி உங்கள் உண்மையான கேள்வி, வேசம் கட்டி ஆடினார்களா?

கோடெக்ஸ் ரீஜியஸ் என்று ஓர் ஏடு. 1270ஐ ஒட்டி எழுதியது. தேவர் கதைப் பாட்டுகளில் பெரும்பகுதி நமக்குக் கிடைத்தது இதில்தான். பெரிய பொக்கிசம் என்று நினைத்துப் போய்ப் பார்த்தால் பள்ளிக் கொப்பி அளவுதான், 45 தோல் ஏடு மிச்சம். 1662இல் டென்மார்க் அரசனுக்குப் போனது, 1971இல்தான் கப்பலில் ஐஸ்லாந்துக்குத் திரும்பி வந்தது. இதில் சில பாட்டு முழுக்க முழுக்கப் பேச்சு. "அவன் சொன்னான், இவள் சொன்னாள்" என்ற இணைப்பே பாட்டுக்குள் கிடையாது. ஒருத்தர் வாய் மூடினால் அடுத்தவர் வாய் திறக்கிறார். அப்படியானால் யார் பேசுகிறார்கள் என்று எப்படித் தெரியும்? ஏட்டின் ஓரத்தில், வரிக்கு வெளியே, பேசுகிறவர் பெயரின் முதல் எழுத்தையும் "சொன்னது" என்பதற்கு ஒரு சுருக்கத்தையும் எழுதிவைத்திருக்கிறான் எழுதினவன்.

1920இல் பெர்தா ஃபில்பொட்ஸ் என்ற அம்மையார், இந்தப் பேச்சுப் பாட்டெல்லாம் பழைய கோயில் சடங்கு நாடகத்தின் மிச்சம் என்று புத்தகமே எழுதினார். அது அதிகப்படி என்று பலர் தள்ளிவைத்தார்கள். 1995இல் டெரி கன்னல் என்பவர் அந்த ஓரத்து எழுத்துகளைப் பிடித்துக்கொண்டார். அந்த ஏடு எழுதிய காலத்து இங்கிலாந்திலும் வட பிரான்சிலும் ஓரத்தில் இப்படிக் குறி போடும் வழக்கம் நாடகப் பிரதிகளோடு சேர்ந்தது. ஆக எழுதினவனுக்கு இந்தப் பாட்டுகள் அதே வகையாகத் தெரிந்திருக்கின்றன என்பது அவர் வாதம். சும்மா ஒருவன் உட்கார்ந்து ஒரே குரலில் படித்தால் கேட்கிறவனுக்கு ஆள் மாறுவது தெரியாது. குரல் மாற்றி, இடம் மாற்றி, ஆடித்தான் ஆக வேண்டும் என்கிறார்.

வேசத்துக்கும் தடயம் உண்டு. ஹேடேபி என்ற வைக்கிங் துறைமுகத்துச் சேற்றிலிருந்து கம்பளி ஃபெல்ட்டில் செய்த இரண்டு மிருக முகமூடி கிடைத்தது, 10ஆம் நூற்றாண்டுச் சாமான். கிழிந்ததும் யாரோ படகு வேலைக்குப் பழந்துணியாக எடுத்துவிட்டார்கள். தாரில் ஊறியதால்தான் மக்காமல் தப்பியது. சாக்ஸோ என்ற டேனிஷ் வரலாற்றுக்காரர் ஒரு பழைய வீரனைப் பற்றிச் சொல்கிறார்: ஸ்வீடனின் உப்சாலா கோயிலில் ஆண்கள் பெண் மாதிரி உடம்பை வளைப்பதும், கூத்தாடிகளின் இரைச்சலும், சலங்கைச் சத்தமும் பொறுக்காமல் ஊரைவிட்டே போனானாம். வாசித்தபோது, இந்த வீரனை நான் எங்கேயோ ஒரு பரிசளிப்பு விழாவில் பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது.

பிளேன்டி தம்பி, சண்டைக்குக் கொம்பு இல்லை என்றது சரி. ஆனால் ஸ்வீடனில் தோர்ஸ்லுண்டா என்ற இடத்தில் கிடைத்த வெண்கல அச்சில் கொம்புக் கவசத்தோடு ஒருவன் ஈட்டி பிடித்து ஆடுகிறான், பக்கத்தில் ஓநாய்த் தோல் போர்த்திய ஒருவன். 834இல் புதைத்த ஓசெபெர்க் கப்பலில் கிடைத்த திரைத்துணியிலும் கொம்போடு ஓர் உருவம் உண்டு. ஆட்டத்துக்குக் கொம்பு இருந்திருக்கலாம். பையன் தொப்பியைப் பறிக்க வேண்டாம்.

பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சுப் பாட்டுகளில் ஒன்றான ஹார்பார்த் பாட்டைக் கொடுங்கள். இரண்டே ஆள். தோர் என்ற தேவன் கிழக்கே அரக்கர்களோடு மல்லுக்கட்டிவிட்டு வீடு திரும்புகிறான். குறுக்கே நீர். அக்கரையில் தோணி. தோணிக்காரன் ஹார்பார்த், பெயருக்கு நரைத்தாடிக்காரன் என்று பொருள். உண்மையில் வேசம் மாறி நிற்கும் ஓடின், தோரின் அப்பன். மகனுக்கு அது தெரியாது. தோருக்கு முதுகில் கூடை, வெறுங்கால். "ஏற்றிக்கொண்டு போ, கூடையிலிருந்து சாப்பாடு தருகிறேன்" என்கிறான். தோணிக்காரன் மாட்டேன் என்கிறான். "மூன்று பண்ணைக்குச் சொந்தக்காரன் மாதிரியா இருக்கிறாய்? காலில் ஒன்றும் இல்லை, கால்சட்டைகூட இல்லை." அப்புறம் நீ என்ன செய்தாய், நான் என்ன செய்தேன் என்று மாறி மாறி வாய்ச்சண்டை. தேவர்களிலேயே பலசாலி வாயால் தோற்று, சுற்றுவழியில் நடந்து போகிறான். மேடைக்குச் செலவே இல்லை.

உறழ்கலி:

ஐயா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். சுவையாக இருக்கிறது. ஆனால் டீச்சர் இதை அப்படியே கரும்பலகையில் எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பேச்சு இருந்தால் நாடகமா? நம் கலித்தொகையில் இரண்டு பேர் மாறி மாறிப் பேசுகிற பாட்டுகளுக்கு உறழ்கலி என்றே பெயர். அதை ஆடினார்களா, படித்தார்களா என்று இன்றைக்கும் அடித்துச் சொல்ல முடியாது. "சுடர்த்தொடீஇ கேளாய்" நினைவிருக்கிறதா? ஒரே பெண் தோழியிடம் கதை சொல்கிறாள். அதற்குள் அம்மாவின் குரல் வருகிறது, தண்ணீர் கேட்டு வந்தவன் குரல் வருகிறது, "அன்னாய் இவன் ஒருவன் செய்தது காண்" என்ற அலறல் வருகிறது, அதை மறைக்கச் சொன்ன பொய் வருகிறது. ஆள் ஒன்று, குரல் நாலு. வில்லுப்பாட்டுக்காரர் ஒருவரே ராஜாவும் மந்திரியும் ஆவதை நாமே பார்க்கிறோம். ஆக ஓரத்து எழுத்து, பேசுகிற பாத்திரம் இரண்டு என்றுதான் சொல்கிறது. ஆடிய ஆள் இரண்டு என்று சொல்லவில்லை.

மற்றத் தடயங்களும் அப்படித்தான். தோர்ஸ்லுண்டா அச்சு வைக்கிங் காலத்துக்கு முந்தியது. சாக்ஸோ எழுதியது 1200ஐ ஒட்டி, அவர் சொல்லும் வீரன் புராணத்து ஆள். ஹேடேபி முகமூடியைப் போட்டுக்கொண்டு என்ன செய்தார்கள் என்று முகமூடி சொல்லாது.

பிரதி எங்கே என்று கேட்ட நடுவரோடு எனக்கு உடன்பாடு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேள்வியைக் கேட்டால் கூத்து மட்டும் இல்லை, ஐரோப்பாவிலும் பாதி வெளியே போகும்.

கொட்டகலை டீச்சர்:

பழைய தபால்காரர் ஐயா, உறழ்கலி, இரண்டு பேருக்கும் நன்றி. உறழ்கலி சொன்னதை வகுப்பில் அப்படியே கொடுத்தேன். பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து லாவணியில் காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று ஒரு கட்சியும் பாடுவார்களே, அந்த மாதிரி.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. அந்த ஓரத்து எழுத்து விசயத்தை வாசித்ததும் எனக்கு எங்கேயோ பார்த்த ஞாபகம். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய் அப்பாவின் தகரப் பெட்டியை இழுத்தேன். அடியில், பழைய கலண்டர்த் தாளில் அட்டை போட்ட 120 பக்கக் கொப்பி. சின்ன வயதில் தொட்டால் அடி விழும், காமன் கொப்பி என்பார்கள். கரையெல்லாம் எலி தின்றிருந்தது. ஒரு மூலையில் தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டம்.

உள்ளே நீலப் பேனாவில் பாட்டு, நிறுத்தல் குறி ஒன்றுகூட இல்லாமல், அடி பிரிக்காமல், வாய்க்காலில் தண்ணீர் போகிற மாதிரி ஒரே ஓட்டம். ஓரத்தில் சிவப்புக் கோட்டுக்கு வெளியே, பென்சிலில், தனித்தனி எழுத்து. ர. ம. ர. ர. தூ. ம.

ரதி, மன்மதன், தூதன். தலையைச் சுற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

இன்னோர் எழுத்தும் இருந்தது, எ. எமன் என்று நினைத்தேன். ஆனால் எமனுக்கு வேலையே இல்லாத இடத்தில், ரதி புலம்பலின் நடுவில், இரண்டு வரிக்கு ஒருமுறை அது வருகிறது. கொப்பியைத் தூக்கிக்கொண்டு இஸ்தோப்புக்கு, வாசல் திண்ணைக்குப் போனேன். அப்பா அடுப்புக்கு மிலாறுக் குச்சி ஒடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாமல் கொப்பியைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"எமன் இல்ல தாயி. எல்லாரும்."

எல்லாரும் என்றால்? திடலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற சனம். ரதி ஒரு அடி அழுதால் சனம் அடுத்த அடியை வாங்கி அழும். அதற்கும் கொப்பியில் ஒரு பாத்திரம் மாதிரி இடம் இருந்திருக்கிறது.

இந்த எழுத்தெல்லாம் நீங்கள் போட்டதா என்று கேட்டேன். இல்லையாம். பாட்டை எழுதினது கூத்து மாஸ்டர். அவர் இருந்தவரைக்கும் ஓரத்தில் ஒன்றும் கிடையாது, யார் எதைப் பாட வேண்டும் என்று தப்பு மேளம் அடித்த அடியிலேயே எல்லாருக்கும் தெரியும். மாஸ்டர் செத்த பிறகு, தோட்டத்தை விட்டுப் பாதிப் பேர் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன பிறகு, அடுத்த மாசிக்குப் புதுப் பையன்களை வைத்து ஆட வேண்டியதாகிவிட்டது. அவர்களுக்காகத் தப்புக்காரர் மகன் உட்கார்ந்து பென்சிலில் போட்டானாம். "தெரிஞ்சவனுக்கு எதுக்குப் பென்சில்?" என்றார் அப்பா.

ஐயா, அந்த ஐஸ்லாந்துக்காரன் 1270இல் எதற்காக ஓரத்தில் எழுதினான் என்று இப்போது எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. உறழ்கலி கோபிக்கக் கூடாது, ஊகம் என்றுதான் சொல்கிறேன்.

பழைய தபால்காரன்:

டீச்சர், அந்தக் கொப்பியை உடனே போட்டோ எடுத்து வையுங்கள், ஒவ்வொரு பக்கமும், ஓரத்தோடு சேர்த்து. ஐஸ்லாந்து ஏட்டில் நடுவில் 8 தாள் எப்போதோ காணாமல் போய்விட்டது. சிகுர்த் என்ற வீரனின் கதை நட்டநடுவில் அறுந்து கிடக்கிறது. உங்கள் எலிக்கு இன்னும் அவ்வளவு நேரம் கொடுக்க வேண்டாம்.

தப்புச் செட்:

புசல்லாவையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தோட்டத்துக் கொப்பியிலும் ஓரத்தில் எழுத்து உண்டு, ஆனால் அது ஆளுக்கு இல்லை, அடிக்கு. இந்த இடத்தில் தப்பு நிற்க வேண்டும், இந்த இடத்தில் மாற வேண்டும் என்று கோடு போட்டிருக்கும். டீச்சர், அந்தத் தோணிக் கூத்துக்குத் தப்பு வைக்கிறீர்களா? இரண்டு பேரும் திட்டிக்கொள்ளும்போது நடுவில் சும்மா விடாதீர்கள். ஒரு தப்பு இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் வைத்துப் பாருங்கள்.

கொட்டகலை டீச்சர்:

தப்புச் செட் அண்ணே, வைத்துவிட்டோம், இரண்டு தப்பு.

எல்லாருக்கும் நிலவரம் சொல்லத்தான் வந்தேன். ஹார்பார்த் பாட்டை நானும் பிள்ளைகளும் சேர்ந்து நம் பேச்சில் எழுதினோம். முதல் வரியிலேயே தோர், "ஆத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிற பொடியன் யாருடா?" என்று கேட்க, "இந்தப் பக்கம் கத்துற கிழவன் யாருடா?" என்று பதில் வரும். இரண்டு பேர் ஆடுகிறார்கள். மிச்சம் 9 பேரும் எ. தோணிக்காரன் ஒவ்வொரு முறை மடக்கும்போதும் அவர்கள் "அப்படிப் போடு" என்று வாங்க வேண்டும். பிரதி தட்டச்சாகிவிட்டது, ஓரத்தில் எழுத்தெல்லாம் பென்சிலில் நானே போட்டேன்.

தோருக்குக் கொம்பு வைத்த பையன்தான். முதுகில் கூடை என்றதும் யாரும் யோசிக்கவே இல்லை, மறுநாள் அவன் அம்மாவின் கொழுந்துக் கூடை வந்துவிட்டது. மூலப் பாட்டில் தோர் ஏரிங் மீனும் ஓட்ஸும் தின்றுவிட்டுப் புறப்பட்டதாகப் பீற்றிக்கொள்வான். எங்கள் தோர் ரொட்டியும் கருவாட்டுச் சம்பலும்.

நேற்று அப்பா ஒத்திகைக்கு வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பையனைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். நீ பக்கத்தில் நிற்கிறவனோடு பேசுகிற மாதிரிப் பேசுகிறாய், நடுவில் தண்ணி இருக்கு, கத்திவிட்டு நில்லு, சத்தம் அந்த மலைக்குப் போய்ச் சேரட்டும், அதுக்குப் பிறகு அவன் வாயைத் திறக்கட்டும். அந்த இடைவெளியை விட்டதும் 9 பேரும் தாங்களாகவே தோணிக்காரன் பக்கம் தலையைத் திருப்பினார்கள்.

அரங்கேற்றம் போயா விடுமுறை தினத்தில்தான் வைக்க முடியும். மற்ற நாளென்றால் காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்கு முன் கூடையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.